வம்பும் வாடிவாசலும்

ஆண்பிள்ளைக்கு ஒரு விளையாட்டு, பெண்பிள்ளைக்கு வேறொரு விளையாட்டு என்று பிரித்துவைக்கும் பழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பத்துப் பருவம். காப்பு முதல் அம்புலி வரையில் முதல் 7 பருவங்கள் இருபாலாருக்கும் பொது. பெண் குழந்தையும் சப்பாணி கொட்டலாம். ஆண் குழந்தையும் முத்தம் கொடுக்கலாம். கடைசி 3 பருவங்கள் வந்ததும் புலவர்கள் பாதையைப் பிரித்துவிடுகிறார்கள். ஆண்பிள்ளை, சிறுமிகள் மணலிலே கட்டிய சிற்றிலைக் காலால் சிதைக்கிறான், சிறுபறை கொட்டுகிறான், சிறுதேர் உருட்டுகிறான். பெண்பிள்ளைக்கு அம்மானை, கழங்கு அல்லது நீராடல், கடைசியாக ஊசல். அவனுடைய ஆட்டம் தெருவைத் தேடிப் போகிறது. அவளுடைய ஆட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. ஊஞ்சல் எவ்வளவு உயரம் போனாலும் புறப்பட்ட இடத்துக்குத்தானே திரும்பி வரவேண்டும்?

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, சுபாவமே வேறு, ரசனையே வேறு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். எனக்கு அதில் சம்மதமில்லை. விளையாட்டில் ஆணுக்குள்ள ஆசைக்குப் பெண்ணுக்குள்ள ஆசை ஒரு மாற்றுக் குறைந்ததல்ல. அந்த ஆசைக்கு ஒதுக்கிய இடம் வேறு, நேரம் வேறு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேறு. சமூக சாஸ்திரம் பேச எனக்குப் படிப்பில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரிந்தது கதைதான். ஆகவே கதைகளை வைத்தே இதைப் பேசலாம் என்று உத்தேசம். அதற்குத் தூரம் போகவேண்டியதுமில்லை. எங்கள் திண்டுக்கல் சீமையிலேயே, வத்தலக்குண்டு என்ற ஒரே ஊரைச் சேர்ந்த இருவர் எழுதிய இரண்டு புத்தகங்கள் போதும்.

புத்தகங்களுக்குப் போவதற்கு முன்னால் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமம் எதற்குள் வேண்டுமானாலும் சாயந்திர வேளையில் நுழைந்து பாருங்கள். டீக்கடை பெஞ்சு ஆண்களுடையது. அரசமரத்து மேடை ஆண்களுடையது. மந்தையிலே சீட்டுக்கட்டு. பழைய மண்டபங்களின் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்கு முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் கல்லிலேயே கீறி வைத்திருப்பார்கள். எந்தக் காலத்து மனிதன் கீறியதோ, ஆணின் பொழுதுபோக்குக்குக் கல்லிலே பட்டா எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குள் பெண்கள் ஆடும் தாயத்துக்குக் கட்டம் எப்படிப் போடுகிறார்கள்? ஒரு கரித்துண்டு அல்லது சாக்கட்டி. ஆட்டம் முடிந்ததும், ஆண்கள் வருவதற்கு முன்னால், தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடுகிறார்கள். சாயந்திரம் வந்து பார்த்தால் அங்கே ஒரு ஆட்டம் நடந்த சுவடே இருக்காது.

தாயம் உருட்டுவதற்கு என்ன? புளியங்கொட்டை. ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வார்கள். பல்லாங்குழிக்கும் சோழி கிடைக்காத வீட்டில் அதே புளியங்கொட்டைதான். அந்தக் கொட்டை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விஷயம் விளங்கும். வருஷத்துப் புளியை வாங்கிக் காயவைத்து, அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து கொட்டை எடுத்த வேலையில் மிஞ்சியது அது. வேலை கழித்துப்போட்டதை எடுத்து விளையாட்டாக்கிக்கொண்டவர்கள் பெண்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு அத்தை. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டு, கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் இருக்க, விரல்கள் மட்டும் தானாகத் தொடுத்துக்கொண்டே போகும். ஒரு தடவை அவரிடம், "அத்தை, உங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டேன்.

"பொழுது எங்கடா போகுது, நாம போக்குறதுக்கு? அதுல்ல நம்மளைப் போட்டு விரட்டுது" என்றார். சொல்லிவிட்டு, மூன்றாம் வீட்டு மருமகள் பிரசவத்துக்குப் போன கதையை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

அத்தை பேச்சு வெறும் சாமர்த்தியமல்ல. 2019ஆம் வருஷம் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. யார் எந்த வேலையில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் அதற்குக் கொடுக்கிறாள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண் கொடுப்பது 97 நிமிஷம். வித்தியாசம் 3 மணிக்கு மேலே. ஒரு சினிமாவும் பார்த்து, வரும் வழியில் பரோட்டாவும் தின்றுவிட்டு வரக்கூடிய நேரம். அந்த நேரம் இல்லாதவள் என்ன செய்வாள்? கையை வேலைக்குக் கொடுத்துவிட்டு வாயையும் காதையும் தனக்கென்று வைத்துக்கொள்கிறாள். பேச்சு ஒன்றுதான் வேலையோடு வேலையாக நடக்கக்கூடிய பொழுதுபோக்கு. பெண்கள் அதிகம் பேசுகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன்.

பி. ஆர். ராஜம் ஐயர் வத்தலக்குண்டில் 1872இல் பிறந்தவர். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1898இல், 26 வயதில், காலமாகிவிட்டார். தமிழின் ஆரம்ப நாவல்களில் இன்றைக்கும் பிரியத்தோடு படிக்கக்கூடியது இது. அதில் ஒரு சபை வருகிறது. ஊர்ப் பெண்கள் கூடி, இல்லாதவர்களை இருக்கிறவர்கள் அலசும் சபை. ராஜம் ஐயர் அதற்கு வைத்த பெயர் 'வம்பர் மகாசபை'.

பெயரிலுள்ள குறும்பைப் பாருங்கள். அப்போது மகாசபை என்ற சொல்லுக்குத் தனி மவுசு. சென்னை மகாஜன சபை தொடங்கியது 1884இல். காங்கிரஸ் தொடங்கியது 1885இல். அங்கவஸ்திரமும் தலைப்பாகையுமாக ஆண்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றிய காலம். ஆண்கள் கூடிப் பேசினால் மகாசபை. பெண்கள் கூடிப் பேசினால் அதே பெயருக்கு முன்னால் 'வம்பர்' என்று ஒரு விசேஷணம். ராஜம் ஐயர் ஆண்களையும் விட்டுவைக்கவில்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத வாசகர் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு வேறு ஜாதி. பிள்ளையவர்களின் கிறுக்கு தமிழ்ப் படிப்பின் கிறுக்கு. அதை ஆசிரியர் தட்டிக் கொடுத்துச் சிரிக்கிறார். பெண்களின் சபையையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். நாவலின் முழுப்பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்.' ஊர்வாய் ஒரு குடும்பத்தை எப்படிச் சின்னாபின்னமாக்கும் என்பதே கதையின் அச்சு.

அபவாதம் ஆபத்தானது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த நாவலில் மொழி எங்கே துள்ளுகிறது? வேதாந்தம் பேசும் பின்பகுதியிலா? இல்லை. பெண்கள் வாய் திறக்கும் இடங்களில் துள்ளுகிறது. அங்கே வாக்கியம் குட்டையாகிறது; வசைக்கும் வேடிக்கைக்கும் நடுவில் ஒரு ராகம் கேட்கிறது; யாரும் யாருக்காகவும் காத்திராமல் பேசுகிறார்கள். 21 வயதுப் பையன் எங்கேயோ ஒரு தூண் மறைவில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்தால் ஒழிய அப்படி எழுத முடியாது. கேட்டதெல்லாம் அந்தச் சபையில்; எழுதிய தீர்ப்போ அந்தச் சபைக்கு எதிராக! ஆசிரியரின் நீதி ஒரு பக்கம் இழுக்கிறது, அவருடைய காது இன்னொரு பக்கம் இழுக்கிறது. நாவல் பிழைத்தது காதினால்.

இரண்டாவது புத்தகம் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1912இல் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர் அவர். ஜல்லிக்கட்டைக் காமிராவில் படம் பிடித்தவர். 1959இல் புத்தகமாக வந்த இந்தச் சிறு நாவல் ஒரே நாளில், ஒரே களத்தில் நடந்து முடிகிறது. தகப்பனைக் குத்திச் சாய்த்த காரி என்ற காளையைப் பிடிக்க வந்திருக்கிறான் பிச்சி. கூட மச்சான் மருதன். காளை ஜமீன்தாருடையது. பிச்சி ஜெயிக்கிறான். தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுக் கொன்றுவிடுகிறார். இவ்வளவுதான் கதை. இவ்வளவு குறைந்த சாமானை வைத்து இவ்வளவு பெரிய கட்டடத்தை நம்மில் அதிகம் பேர் எழுப்பியதில்லை. ஒரு விளையாட்டில் ஒரு மனிதனின் மானம், பழி, பரம்பரை எல்லாம் எப்படி வந்து குவிகின்றன என்பதைச் செல்லப்பா துளி மிகையில்லாமல் காட்டிவிடுகிறார்.

இந்தக் களத்தில் வந்து நின்று பேசும் பெண் ஒருத்தி இல்லை. நடப்பே அப்படித்தான், வாடிவாசலில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் கலித்தொகையின் முல்லைக்கலியைப் புரட்டுங்கள். அங்கேயும் ஏறு தழுவுதல்தான். அங்கேயும் குடல் சரிகிறது, மண் ரத்தமாகிறது. ஆனால் பார்த்து நிற்கும் ஆயர் மகளிர் இருக்கிறார்கள். இவன் எப்படிப் பாய்ந்தான், அந்தக் காளை எப்படித் திரும்பியது என்று தோழிக்குத் தோழி சொல்லும் பேச்சில்தான் நமக்கு அந்தக் களமே தெரிகிறது. பழைய புலவன் விளையாட்டை ஆணுக்கும், அதைச் சொல்லும் வாயைப் பெரிதும் பெண்ணுக்கும் கொடுத்தான். செல்லப்பாவின் காலத்துக்குள் அந்த வாயும் களத்தைவிட்டு வெளியேறிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தவிடும் பருத்திக்கொட்டையும் கலந்து வைப்பது, தண்ணீர் காட்டுவது, பொங்கல் நெருங்க நெருங்க அதன் கண்ணையும் நடையையும் கவனிப்பது, பல வீடுகளில் பெண்களின் பொறுப்பு. ஊரையே மிரட்டும் காளை அவள் கையடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். வருஷம் முழுக்க அவள் வளர்ப்பது வேலை. ஒரு நாள் அவன் அவிழ்த்துவிடுவது வீரம். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்து, 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் கூட்டம் கூடியபோது அதில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். வாடிவாசலில் இடமில்லாதவர்கள் வாடிவாசலுக்காக வந்து உட்கார்ந்தார்கள். 2023இல் அதே நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றது. காளை திரும்பி வந்தது. களத்துக்குள் இறங்குகிறவர்கள் இன்றைக்கும் ஆண்கள்தான்.

'வாடிவாசலை' இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். காளை பாய்வதற்கு முன்னால் அதிலே என்ன நடக்கிறது? பேச்சு. களத்திலுள்ள கிழவன் பிச்சியிடமும் மருதனிடமும் பேசுகிறான். எந்தக் காளை யாரைக் குத்தியது, யாருடைய அப்பன் எப்படிப்பட்ட ஆள், எந்த ஜமீனுக்கு என்ன ரோஷம் என்றெல்லாம் பேச்சு போகிறது. இல்லாதவர்களைப் பற்றி இருக்கிறவர்கள் பேசுவதற்குப் பெயர் வம்பு என்றால் இதுவும் அசல் வம்புதான். மந்தையில் நடந்ததால் இதற்கு 'விவரம்' என்று பெயர். முற்றத்தில் நடந்தால் 'வம்பு'. கிழவன் பேச்சை நாம் மரியாதையாகக் கேட்கிறோம். மகாசபைப் பெண்களின் பேச்சைக் கேட்டு ரசித்துவிட்டு, கேட்டது தப்பு என்ற முகத்தை வைத்துக்கொள்கிறோம்.

ஆக, ஒரே ஊர்க்காரர்கள் எழுதிய இரண்டு புத்தகங்களில், ஆணின் பொழுதுபோக்கு காவியமாகவும் பெண்ணின் பொழுதுபோக்கு கண்டிக்கத்தக்க பழக்கமாகவும் பதிவாகியிருக்கிறது. இதில் எனக்கென்ன கவலை என்றால், அந்தக் கண்டனம் நம் தொழிலின் வேரிலேயே விழுகிறது. நாவல் என்பது என்ன? நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தில் என்ன நடந்தது, அவள் ஏன் அழுதாள், அவன் ஏன் திரும்பி வரவில்லை என்று அறிய ஆசைப்படுவது. இந்த ஆசையைத் திண்ணையிலும் அடுப்படியிலும் நூறு நூறு வருஷமாக அணையாமல் காத்துவந்தவர்கள் யார்? அச்சு இயந்திரம் வந்த பிறகு நாம் அதை வாங்கி அட்டை போட்டு விற்றோம். விற்ற கையோடு, கொடுத்தவளுக்கு 'வம்பு' என்று பட்டமும் கட்டினோம்.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் வை. மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். 1901இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு கதை சொல்வது அவருடைய பொழுதுபோக்கு. எழுத வராததால் 'இந்திர மோகனா' என்ற முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். 1925இலிருந்து 'ஜகன்மோகினி'யைத் தம் பொறுப்பில் நடத்தினார். 1960இல் காலமாவதற்குள் 115 நாவல்கள். அவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. ஒரே அச்சில் வார்த்தவை அதில் அதிகம். ஆனால் முற்றத்துப் பேச்சு நேராக அச்சகத்துக்கு நடந்துபோன வழி அவருடைய வாழ்க்கையில் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பத்திரிகைக்காகக் காத்திருந்து, அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் படித்த பெண்களுக்கு அன்றைக்குக் கிடைத்த வசவு என்ன? நாவல் படித்துக் கெட்டுப்போகிறாள் என்பது. பேசினால் வம்பு, படித்தால் சோம்பல்.

ஆணின் பொழுதுபோக்கு வளர்ந்தால் என்ன ஆகிறது? அதற்கும் செல்லப்பாவே உதாரணம். 'வாடிவாசல்' வந்த அதே 1959இல் அவர் 'எழுத்து' என்ற விமர்சனப் பத்திரிகையைத் தொடங்கினார். 1970 வரையில் 119 இதழ்கள். புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அது செய்ததை நன்றியோடு நினைக்காத எழுத்தாளன் கிடையாது, நானும் நினைக்கிறேன். மனைவியின் நகைகளை விற்று அவர் அதை நடத்தினார் என்பதை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையில் ஒரு பங்கு கழுத்தைவிட்டு இறங்கிய நகைக்கும் சேர வேண்டும். தமிழ் இலக்கியச் சரித்திரத்தில் கணவனின் ஈடுபாடு லட்சியம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த அம்மாளுக்கு எதில் ஈடுபாடு என்று கேட்க நமக்குத் தோன்றியதில்லை. இது செல்லப்பா மேல் புகாரல்ல. கேட்காத நம் மேல் புகார்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. 'வாடிவாசலை' எழுதிய அதே கவனத்தோடு, அதே சிக்கனத்தோடு, அதே மரியாதையோடு, கரித்துண்டால் கட்டம் கிழித்த ஒரு தாய ஆட்டத்தை யாராவது எழுத வேண்டும். நாலு பெண்கள், ஒரு மத்தியானம், ஒரே முற்றம். காய் வெட்டப்படும்போது யாருடைய மனசில் எது வெட்டுப்படுகிறது, தாயம் விழாமல் பழமாகாமல் ஒரு காய் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறது, வெளிக்கதவு சத்தம் கேட்டதும் கட்டம் ஏன் அழிகிறது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். கொம்பும் ரத்தமும் இல்லாவிட்டாலும் அங்கேயும் மானம் உண்டு, பழி உண்டு, பரம்பரை உண்டு. 1988இல் அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயர் வைத்தபோது அந்த மூலைக்கு ஒரு விளக்கு வந்தது. ஆனால் அங்கே நடக்கும் துன்பத்தை எழுதியவர்களின் எண்ணிக்கையில், அங்கே நடக்கும் விளையாட்டை எழுதியவர்கள் கால்வாசி தேறமாட்டார்கள். துன்பப்படும் பெண்ணை நாம் இப்போது ஒப்புக்கொள்கிறோம். வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் சந்தோஷத்துக்காக மட்டும் வெட்டியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கதையிலே காண இன்னும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதுவரையில் வாசகர்களுக்கு ஒரு சிறு யோசனை. இனிமேல் நீங்கள் படிக்கும் கதையில் பெண்கள் கூடிப் பேசும் இடம் வந்தால், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் கவனியுங்கள். ஆசிரியர் அவர்களிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்ட பிறகு அவர்களை என்ன சொல்லித் திட்டுகிறார் என்று பாருங்கள். என் கதைகளைப் படிக்கும்போதும் அப்படியே பாருங்கள்.